நேபாளிப் பிள்ளைகளின் பெயர் எந்த ஊரில் தெரிகிறது, எந்த ஊரில் தெரிவதில்லை?

#1 கொலம்பஸ்வாசி

எல்லோருக்கும் வணக்கம். ஒஹையோவில் கொலம்பஸ் பக்கம் 14 வருடமாக இருக்கிறேன். போன வாரம் மகளுக்குக் காதுவலி. மருந்துக்கடையில் மருந்தை எடுத்து வந்து, எத்தனை மில்லி, எத்தனை நாள், சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று பொறுமையாகச் சொன்ன பெண்ணின் வெள்ளைக் கோட்டில் "அதிகாரி" என்று பெயர் குத்தியிருந்தது. நேபாளிப் பெயர். அங்கே மருந்தாளுநரே அவர்தான்.

எனக்கு அது சாதாரண விஷயமாகத் தெரியவில்லை. நான் இங்கே வந்த புதிதில் அதே தெருவில் அவர்களுடைய தாத்தா பாட்டிகளைத்தான் பார்ப்பேன். டாக்கா துணித் தொப்பி, மேலே யாரோ கொடுத்த பெரிய குளிர்கோட்டு, கையில் பஸ் பாஸ். பனியில் வழுக்காமல் இருக்க ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போவார்கள். நடுவயதுக்காரர்கள் கிடங்குகளில் பெட்டி கட்டும் வேலை, இரவு ஷிப்ட்.

இவர்கள் நேபாளத்திலிருந்து நேராக வந்தவர்கள் இல்லை. தெற்கு பூட்டானில் தலைமுறைகளாக வாழ்ந்த நேபாளி மொழிக்காரர்கள், லோட்சாம்பாக்கள். 1990களின் தொடக்கத்தில் பூட்டான் அவர்களை வெளியேற்றியது. கிழக்கு நேபாளத்தில் ஜாபா, மோரங் மாவட்டங்களின் முகாம்களில் மூங்கில் குடிசையில் 15, 20 வருடம். அப்புறம் 2007 கடைசியிலிருந்து எட்டு நாடுகளில் குடியேற்றினார்கள். மொத்தம் 1,13,000 பேருக்கு மேல். அதில் பெரும்பங்கு அமெரிக்காவுக்கு வந்தது.

2019 நவம்பரில் எங்கள் பக்கத்து ஊரான ரெனால்ட்ஸ்பர்க்கில் புவன் ப்யாகுரேல் நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பூட்டானில் பிறந்து, நேபாள முகாமில் வளர்ந்தவர். இந்தச் சமூகத்திலிருந்து அமெரிக்காவில் தேர்தலில் ஜெயித்த முதல் ஆள். கொஞ்ச வருடம் முன்னால் பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களின் ஊர்க்காரர் ஊருக்குச் சட்டம் போடும் இடத்துக்குப் போய்விட்டார்.

நீங்கள் இருக்கும் ஊரில் எப்படி? இவ்வளவு சீக்கிரம் இது எப்படி நடக்கிறது?

#2 நெல்லைக்காரன்

நல்ல இழை அண்ணா. காரணம் படிப்பும் உழைப்பும்தான். காட்மாண்டுவில் பிறந்த லுஜேந்திர ஓஜா, அரிசோனா பல்கலைக்கழகத்தில் இளங்கலை மாணவராக இருந்தபோதே செவ்வாய்க் கிரகத்தின் சரிவுகளில் பருவத்துக்குப் பருவம் தோன்றி மறையும் கருங்கோடுகளைக் கண்டுபிடித்தவர். 2015இல் நாசா அது பற்றி அறிவித்தபோது உலகமே அவர் பெயரைக் கேட்டது. அந்தக் கோடுகள் உப்பு நீரா, வெறும் மணல் சரிவா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. ஆனால் அந்த விவாதத்தைத் தொடங்கி வைத்ததே அந்தப் பையனின் கண்.

பிரபல் குருங்கை எடுத்துக்கொள்ளுங்கள். காட்மாண்டுவில் வளர்ந்து நியூயார்க் போய் 2009இல் சொந்தப் பெயரில் ஆடை நிறுவனம் தொடங்கினார். மிஷேல் ஒபாமா அவர் தைத்த உடையை உடுத்தினார். திறமை இருந்தால் யாராலும் மறைக்க முடியாது.

#3 ஆல்டர்ஷாட் அக்கா

தம்பி நெல்லைக்காரன், உழைப்பை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் உழைப்பு மட்டும் என்றால் கூர்க்காப் படைவீரர்களுடைய பிள்ளைகள் 1950களிலேயே இங்கிலாந்தில் டாக்டர்களாக இருந்திருக்க வேண்டும். அவர்களை விட உழைத்தது யார்?

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆல்டர்ஷாட்டில் 20 வருடம் பலசரக்குக் கடை வைத்திருந்தோம். அதனால் இந்தக் கதை எனக்கு வடிவாகத் தெரியும். கூர்க்காக்கள் இருநூறு வருடமாகப் பிரிட்டிஷ் இராணுவத்தில் சண்டை பிடிக்கிறார்கள். ஆனால் வேலை முடிந்தால் நேபாளத்துக்குத் திரும்பிப் போ என்பதுதான் ஒப்பந்தம். 2004இல்தான் சட்டம் கொஞ்சம் இளகியது, அதுவும் 1997 யூலைக்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும். அதற்கு முன் ஓய்வு பெற்றவர்களை விட்டுவிட்டார்கள். துல் பகதூர் புன் என்ற ஐயா 1944இல் பர்மாவில் காட்டிய வீரத்துக்கு விக்டோரியா கிராஸ், அதாவது பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கம், வாங்கியவர். வயது போய், நோயோடு இங்கே வர விசா கேட்டபோது, பிரிட்டனோடு போதிய தொடர்பு இல்லை என்று மறுத்தார்கள். பெரிய எதிர்ப்பு எழுந்த பிறகு 2007இல்தான் விட்டார்கள். 2009இல் நடிகை ஜோன்னா லம்லி முன்னால் நின்று நடத்திய போராட்டத்துக்குப் பிறகுதான் 4 வருடமாவது சேவை செய்த எல்லோருக்கும் குடியிருக்கும் உரிமை கிடைத்தது.

அப்படி வந்த முதியவர்கள் ஆங்கிலம் தெரியாமல் பூங்கா பெஞ்சுகளில் முழு நாளும் இருப்பார்கள். ஊரில் ஆட்கள் முகம் சுழித்ததையும் நான் கண்டிருக்கிறேன். கடைக்கு வந்து விரலால் காட்டி உளுந்தும் கடுகும் வாங்குவார்கள்.

இப்போது என் குடும்ப டாக்டரின் நிலையத்தில் தாதி ஒரு குருங் பெண். என் கணக்குப் பார்ப்பவர் ராய். ஆனால் கேளுங்கள், அந்தக் கணக்காளருடைய மூத்த அண்ணன் கத்தாரில் காவலாளி வேலை. ஒரே தாய் தகப்பன். 2009இல் அண்ணனுக்கு 18 வயது தாண்டிவிட்டது, அவருக்கு அந்த உரிமை வரவில்லை. வயதுவந்த பிள்ளைகளுக்காக நீதிமன்றம் வரை போய்த்தான் 2013இல் ஓரளவு வழி கிடைத்தது. அதற்குள் அந்த அண்ணனுக்கு வாழ்க்கை வேறு பக்கம் போய்விட்டது. தம்பிக்குத் திறமை, அண்ணனுக்கு இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

#4 கொலம்பஸ்வாசி

அக்கா சொல்வதைப் படித்த பிறகு எங்கள் ஊர்க் கணக்கு எனக்கு இன்னும் தெளிவாகிறது. அகதியாக வந்தவருக்கு இங்கே ஒரு வருடத்தில் பச்சை அட்டை, அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, வந்த நாளிலிருந்து ஐந்து வருடத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். 2009, 2010இல் வந்தவர்கள் 2015 வாக்கில் வாக்காளர்கள் ஆகிவிட்டார்கள். அப்புறம் நாலு வருடத்தில் ரெனால்ட்ஸ்பர்க். 2024 நவம்பரில் நியூ ஹாம்ப்ஷயரில் சூரஜ் புடாதோகி மாநிலச் சட்டமன்றத்துக்கே போனார். அவரும் முகாமிலிருந்து வந்தவர்தான்.

இங்கே இன்னொரு வாசலும் இருந்தது, குடியேறும் விசாவைக் குலுக்கலில் கொடுப்பது. வருடத்துக்கு அதிகபட்சம் 55,000 பேர், ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. அதில் நேபாளிகள் தொடர்ந்து நிறையப் பேர் வந்தார்கள். மாணவராக வந்து தங்கியவர்கள் தனி. மேரிலாண்டில் 2018இல் சட்டமன்றம் போன ஹாரி பண்டாரி ஆசிரியர். நியூயார்க்கில் 2022இல் 20 வருடத்துக்கு மேல் பதவியில் இருந்தவரைத் தோற்கடித்த சரஹானா சிரேஷ்டா வடிவமைப்புத் துறைக்காரர். வாசல் எதுவானாலும், உள்ளே வந்த நாளிலிருந்து எத்தனை வருடத்தில் "இது உன் ஊர்" என்று காகிதத்தில் எழுதிக் கொடுக்கிறார்கள் என்பதுதான் விஷயம் என்று நினைக்கிறேன்.

#5 பார்ட்லி ஆசிரியர்

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் சொல்வதன் மறுபக்கம் எங்களிடம் இருக்கிறது.

இங்கே போலீஸ் படையில் கூர்க்காப் பிரிவு 1949இல் தொடங்கியது. மவுண்ட் வெர்னன் முகாமில் குடும்பத்தோடு இருக்கிறார்கள். 2018இல் டிரம்பும் கிம்மும் சந்தித்தபோது பாதுகாப்புக்கு நின்றது அவர்கள்தான். அவர்களுடைய பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் படிப்பார்கள். நான் 26 வருடம் கணக்கு வாத்தியார். சிங்கப்பூர்ப் பிள்ளை போலவே பேசும், சிக்கன் ரைஸ் கேட்கும், தேசியப் பற்றுறுதியைக் கை நெஞ்சில் வைத்துச் சொல்லும் பிள்ளைகள்.

அப்பா ஓய்வு பெறும் நாள் வரும். குடும்பமே நேபாளம் திரும்ப வேண்டும். உயர்நிலை மூன்றில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண் ஒருநாள் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்த திங்கள் அந்த நாற்காலி காலி. 75 வருடமாக இந்த ஊரைக் காக்கும் சமூகத்திலிருந்து வந்த ஒரு டாக்டரையோ, வழக்கறிஞரையோ, சக ஆசிரியரையோ என் பணிக்காலத்தில் இங்கே நான் சந்தித்ததில்லை. என் மாணவர்களில் மூன்று பேர் நல்ல பொறியாளர்கள். ஒருவர் சிட்னியில், இருவர் இங்கிலாந்தில்.

அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லிக்கொடுத்த கணக்கு வேறு நாட்டுக்குப் பயன்படட்டும், அதில் வருத்தமில்லை. அவளுக்கு இது ஊர் இல்லை என்று சொன்னதுதான் வருத்தம்.

#6 நெல்லைக்காரன்

ஐயா, இதை நான் யோசித்ததே இல்லை. ஹாங்காங்கிலும் இப்படித்தானா?

#7 பார்ட்லி ஆசிரியர்

அங்கே கொஞ்சம் வேறு. பிரிட்டிஷ் கூர்க்காப் படை 1997 வரை ஹாங்காங்கில் இருந்தது. 1983க்கு முன் அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு வசிப்புரிமை உண்டு. அதனால் ஜோர்டான், யாவ் மா டே பகுதிகளில் இன்று மூன்றாம் தலைமுறை நேபாளிகளே இருக்கிறார்கள். ஆனால் அங்கே தடை மொழி. சீன எழுத்து படிக்க வராத பிள்ளைக்கு அரசு வேலையும் அலுவலக வேலையும் எட்டுவது கடினம். காகிதம் இருந்தும் கட்டட வேலைக்கும் பாதுகாப்பு வேலைக்கும் போனவர்கள் அதிகம்.

#8 கமாத்தாவிலிருந்து

ஜப்பானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 முடிவில் இங்கே 2,30,000க்கு மேல் நேபாளிகள். ஆனால் ஜப்பான்காரரிடம் கேட்டால் "இந்தியச் சாப்பாட்டுக் கடைக்காரர்" என்பார்.

தோக்கியோவில் எந்த ரயில் நிலையத்தில் இறங்கினாலும் இந்திய உணவகம் என்ற பலகையோடு ஒரு கடை இருக்கும். நான் ரொட்டியும் பட்டர் சிக்கனும், சுவரில் தாஜ்மகால் படம். அடுப்படியில் நிற்பவர் பாக்லுங் மாவட்டத்துக்காரர். பத்து வருட அனுபவம் காட்டினால் சமையல்காரர் விசா கிடைக்கும் என்பதால் ஒரு ஊரே இன்னொரு ஊரைக் கூட்டி வந்தது. ஆரம்பத்தில் நான் அந்தக் கடைகளில் இந்தியில் பேசுவேன், அவர்களும் பதில் சொல்வார்கள். ஒருநாள் ஒருவர் என்னிடம், "அண்ணே, நாங்கள் சமைப்பதைக்கூட எங்கள் நாட்டுப் பெயரில் விற்க முடியவில்லை" என்றார். அதற்கப்புறம் நான் நமஸ்தே சொல்லி, தால் பாத் இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன். பலகையில் இல்லாத தால் பாத் பல கடைகளில் உள்ளே இருக்கும்.

பிள்ளைகள் கதைதான் மனதைப் பிசைகிறது. தாத்தா பாட்டியிடம் வளர்ந்துவிட்டு 13, 14 வயதில் வருவார்கள். கான்ஜி, அதாவது ஜப்பானியர் எழுதும் சீன எழுத்து, தெரியாது. மாலை நேர உயர்நிலைப் பள்ளி, பகலில் உணவுப் பொட்டலம் கட்டும் ஆலை. குடும்ப விசாவில் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை செய்யலாம், நல்ல நிறுவனத்தில் முழுநேர வேலை வேண்டுமென்றால் விசாவை மாற்ற வேண்டும். இதைத் தாண்டி என் அலுவலகத்தில் ஒரு பெண் மென்பொருள் பொறியாளராக இருக்கிறாள். அவள் பேசினால் ஜப்பானியர் பேசுவது போலவே இருக்கும். அவளுக்கு 29 வயது. அவள் தம்பிக்கு ஜப்பானிய மொழி பிடிபடவில்லை, பள்ளியை விட்டுவிட்டான். அக்கா மாதிரி நீ ஏன் வரவில்லை என்று அவனைக் கேட்க எனக்கு மனம் வராது.

#9 அச்சாம் பெண்

இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று தயங்கி எழுதுகிறேன். நான் நேபாளி. சென்னையில் வளர்ந்தேன், மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். என் அப்பா சூளைமேட்டில் நான்கு தெருவுக்கு இரவுக் காவல்.

அவரைத் தெருவில் எல்லோரும் கூர்க்கா என்பார்கள். "அம்மா, கூர்க்கா வந்திருக்கார், காசு கொடு" என்று பிள்ளைகள் உள்ளே பார்த்துக் கத்துவார்கள். கோர்க்கா என்பது நேபாளத்தில் ஒரு மாவட்டம். நாங்கள் அந்த மாவட்டமே இல்லை, தூர மேற்கில் அச்சாம். 22 வருடம் அந்தத் தெருக்களில் விசில் ஊதித் தடியைத் தட்டிக்கொண்டு நடந்தவரின் பெயரை யாரும் கேட்கவில்லை. கேட்டவர் ஒரே ஒருவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. அவர்தான் என்னைப் பள்ளியில் சேர்த்துவிட்டவர், எனக்குத் திருக்குறள் சொல்லிக்கொடுத்தவர்.

பார்ட்லி ஐயா காகிதத்தைப் பற்றிச் சொன்னார். என் கதையும் காகிதம்தான். 1950 ஒப்பந்தப்படி நேபாளிகள் இந்தியாவில் விசா இல்லாமல் இருக்கலாம், வேலை செய்யலாம். அதனால் அப்பாவிடம் ஒரு காகிதமும் இல்லாமலே வாழ்க்கை ஓடியது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நர்சிங் சேரப் போனபோதுதான் நான் எந்த நாட்டுக்காரி என்று நிரூபிக்கச் சொன்னார்கள். அப்பாவும் நானும் ரயிலிலும் பஸ்ஸிலுமாக ஐந்து நாள் பயணம் செய்து அச்சாம் மாவட்டத்தின் தலைமையிடமான மங்கல்சேன் போனோம். நாகரிகதா, அதாவது குடியுரிமைச் சான்று, வாங்க. அலுவலகத்தில் இருந்தவர் நேபாளியில் கேட்ட கேள்விக்கு எனக்குத் தடுமாற்றம். வீட்டில் அச்சாமி பேசுவோம், வெளியே தமிழ். "இந்தப் பெண் நேபாளியா?" என்று அவர் அப்பாவைக் கேட்டார். சென்னையில் நேபாளி, நேபாளத்தில் மதராசி. அன்று சாயங்காலம் டீக்கடையில் அப்பா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சான்று கிடைத்தது. தமிழ்நாட்டில் பிஎஸ்சி நர்சிங் முடித்தேன், ஒரு மருத்துவமனையில் ஐந்து வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவு. சம்பளம் சொல்லும்படி இல்லை. அப்புறம் ஆங்கிலத் தேர்வு, செவிலியர் பதிவுக்கான என்கிளெக்ஸ் தேர்வு, கடைசியாக அடிலெய்டில் செய்முறைத் தேர்வு. இப்போது சிட்னியில் பதிவு பெற்ற செவிலி.

2021 கணக்கெடுப்பில் ஆஸ்திரேலியாவில் நேபாளத்தில் பிறந்தவர்கள் 1,22,506 பேர். 2016இல் 54,757. ஐந்து வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேல். சிட்னியில் ராக்டேல், ஹர்ஸ்ட்வில் பக்கம் வந்தால் நேபாளி கேட்காமல் தெருவைக் கடக்க முடியாது. முதியோர் இல்லங்களில் இரவில் விழித்திருப்பவர்களில் எங்கள் பெண்கள் நிறையப் பேர். பகலில் கல்லூரி, இரவில் படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டு, புரட்டிப் படுக்கவைத்து. அவர்களில் பலர் பிறகு பதிவு பெற்ற செவிலியர் ஆகிறார்கள். செய்தித்தாளில் அவர்கள் பெயர் வராது. ஆனால் அந்தப் பாட்டிகளின் பிள்ளைகளுக்கு அவர்கள் பெயர் தெரியும்.

என் சட்டையில் என் பெயர் இருக்கிறது. முதல் நாள் அதை மாட்டியதும் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். போனில் கூப்பிட்டு, "நம் வீட்டுப் பெயரையும் போட்டிருக்கிறார்களே" என்றார்.

#10 நெல்லைக்காரன்

அக்கா, எங்கள் தெருவிலும் ஒருவர் வருவார். சின்ன வயதில் நானும் அப்படித்தான் கத்தியிருக்கிறேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. மன்னித்துக்கொள்ளுங்கள். மேலே நான் எழுதியதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

#11 ஆல்டர்ஷாட் அக்கா

பிள்ளை, உங்கள் தகப்பனாரைக் கேட்டதாகச் சொல்லுங்கள். நேரம் கிடைத்தால் இன்னும் எழுதுங்கள்.

#12 பே ஏரியா

ஒன்று சேர்க்க வேண்டும். இதுவரை இழையில் வந்த பெயர்களைப் பாருங்கள். ஓஜா, பண்டாரி, ப்யாகுரேல், சிரேஷ்டா, அதிகாரி. நேபாளிகள் குடும்பப் பெயரைக் கேட்டதும் சாதியைச் சொல்லிவிடுவார்கள். இவை பெரும்பாலும் பாவுன் (பிராமணர்), சேத்ரி (சத்திரியர்), நேவார் (காட்மாண்டுப் பள்ளத்தாக்குச் சமூகம்) பெயர்கள். குருங், ராய் மலைப் பழங்குடிகள். விஸ்வகர்மா, பரியார், நேபாளி போன்ற தலித் பெயர்கள் இந்தப் பட்டியலில் இல்லை. அவர்கள் இல்லாததால் அல்ல.

ஒருவர் பெயரை நான் தெரிந்து சொல்கிறேன், பிரேம் பரியார். நேபாளத்திலிருந்து வந்த தலித். கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி படித்துக்கொண்டே, அங்கே சக நேபாளிகளிடமே சாதிப் பாகுபாட்டை அனுபவித்து, அதைப் பல்கலைக்கழகத்தில் எழுப்பினார். 2022 ஜனவரியில், அப்போது 23 வளாகங்கள் கொண்டிருந்த அந்தப் பல்கலைக்கழகம் பாகுபாட்டுத் தடை விதியில் சாதியைச் சேர்த்தது. அவர் போன்றவர்கள் முன்னால் நின்ற வேலை அது. நம் ஊர்க்காரர்களில் சிலர் அதை எதிர்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

சட்டையில் பெயரைக் குத்திக்கொள்ளும் சந்தோஷம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்காது. வெளிநாடு வந்ததும் குடும்பப் பெயரை மாற்றிக்கொண்டவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டு பேர். அமெரிக்கர்களுக்காக மாற்றவில்லை, வாடகைக்கு அறை பகிர வரும் இன்னொரு நேபாளிக்காக மாற்றினார்கள்.

#13 அச்சாம் பெண்

உண்மைதான் அண்ணா. ராக்டேலில் அறை தேடியபோது என்னிடம் முதலில் கேட்டது ஊரை அல்ல, "தர்" என்ன என்று, அதாவது குடும்பப் பெயரை. நீங்கள் சொன்ன தலித் பெயர்களில் ஒன்றுதான் என்னுடையது. அப்பா ஏன் போனில் "நம் வீட்டுப் பெயரையும்" என்று சொன்னார் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

#14 கொலம்பஸ்வாசி

இரண்டு நாள் எழுத முடியவில்லை. #13ஐ நாலு முறை படித்தேன்.

காகிதம் கிடைத்தால் போதும் என்பது போல நான் எழுதிவிட்டேன். அதுவும் சரியில்லை. 2025 மார்ச்சிலிருந்து இங்கேயும் பென்சில்வேனியாவிலும் குடியுரிமை வாங்காமல் பச்சை அட்டையோடு இருந்து, பழைய வழக்கு ஏதாவது இருந்தவர்களைப் பிடித்துப் பூட்டானுக்கே அனுப்பினார்கள். பூட்டான் அவர்களை வைத்துக்கொள்ளாமல் இந்திய எல்லைக்குக் கொண்டுவந்து விட்டது. அங்கிருந்து சிலர் மறுபடி கிழக்கு நேபாளத்தின் அதே முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பிறந்து, வளர்ந்து, விட்டுவந்த முகாம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்பா, அம்மா, பாட்டி மூவரும் ஆங்கிலத் தேர்வுக்குப் பயந்து குடியுரிமை விண்ணப்பம் போடவே இல்லை. மகள் இங்கே பிறந்தவள், பல் மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறாள். இப்போது அவள் சாயங்காலம் பாட்டிக்கு அமெரிக்க வரலாற்றுக் கேள்வி பதில் சொல்லிக்கொடுக்கிறாள். நான் சனிக்கிழமை போய் உட்காருகிறேன். பாட்டிக்கு 61 வயது, எழுத்து தெரியாது, ஆனால் கேட்டதை மறப்பதில்லை.

#15 கமாத்தாவிலிருந்து

அச்சாம் அக்காவிடம் ஒரு கேள்வி. என் அலுவலகப் பெண்ணின் தம்பி இப்போது முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகிறான், அது அவனுக்குப் பிடித்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நர்சிங் படிக்கலாமா என்று கேட்கிறான். பள்ளிப் படிப்பு பாதியில் நிற்கிறது.

#16 அச்சாம் பெண்

படிக்கலாம் அண்ணா. நேராகப் பட்டப்படிப்பில் சேர முடியாது, அதற்கு முன்னால் டிப்ளமா வழி உண்டு. முதலில் பள்ளிச் சான்றை முடிக்கச் சொல்லுங்கள், மாலைப் பள்ளியாக இருந்தாலும் சரி. கூடவே ஆங்கிலம். அவன் எண்ணைத் தனி மடலில் அனுப்புங்கள். இரவுப் பணி முடிந்து எனக்குக் காலை எட்டு மணி என்றால் உங்களுக்கு ஆறு, ஏழு இருக்கும், அவன் வேலைக்குக் கிளம்பும் முன் பேசிவிடுகிறேன்.